தலைக்குக் குளித்த தேதி

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 36 வயது. கொருக்குப்பேட்டையில் வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட்டு டியூஷன் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற வாரம் பக்கத்துத் தெருவில் கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. உண்மையா பொய்யா தெரியாது. கருவைக் கலைத்துவிட்டார்களாம். அதை வைத்துப் பிள்ளைகள் பேசியதைக் கேட்டு ஆடிப்போனேன். “கலைத்தால் ஜெயில்” என்றான் ஒருவன். “ஒரு தடவை கலைத்தால் பிறகு குழந்தையே பிறக்காது” என்றாள் ஒருத்தி. “பப்பாளிக்காய் தின்றால் தானாகப் போய்விடும், எதற்கு ஆஸ்பத்திரி?” என்றாள் இன்னொருத்தி. “ஆறு வாரம் தாண்டினால் சட்டப்படி முடியாது, வீடியோவில் பார்த்தேன்” என்றான் பத்தாம் வகுப்புப் பையன். “அது கொலை. அவளுக்கு வேண்டியதுதான்” என்று ஒரு பெண் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். “படிக்கிற வேலையைப் பாருங்கள்” என்று அதட்டினேன். உண்மையில் எனக்கே எதற்கும் பதில் தெரியாது.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு பிளஸ் டூ மாணவி ஒருத்தி மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் நின்றாள். “மிஸ், பதினெட்டு நடக்கிற பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா? என் தோழிக்காகக் கேட்கிறேன்” என்றாள். “எனக்குத் தெரியாது, நேரமாகிறது, வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாளாக அவள் டியூஷனுக்கு வரவில்லை. இதையெல்லாம் நான் பேசலாமா? பேசினால் பிள்ளைகளைத் தூண்டிவிடுவது ஆகாதா? அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லட்டுமா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள மிஸ்ஸுக்கு (உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுகிறேன்),

கடிதம் கிடைத்த இரவே உங்கள் மின்னஞ்சலுக்கு மூன்று வரி அனுப்பினேன். அந்தப் பெண்ணை உடனே தேடிப் பேசுங்கள், திட்டாதீர்கள், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மாடியில் நடந்த பேச்சுக்கு வருகிறேன். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. வட சென்னையில் முப்பது வருடம் பிரசவ வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் உட்கார்ந்தவள் நான். அதே வாக்கியங்களை ராயபுரத்திலும் கேட்டிருக்கிறேன், வியாசர்பாடியிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் பிள்ளைகள் சொன்ன ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜெயில், மலடு, கொலை, ‘முடியாது’ என்று நான்கு மிரட்டல்கள். மீதி ஒன்று பப்பாளிக்காய். கருக்கலைப்பைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்டனைகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதுதான் தெரியாது. பயந்தவள் என்ன செய்வாள்? காத்திருப்பாள். அடுத்த மாதம் வந்துவிடும் என்று காத்திருப்பாள், பரீட்சை முடியட்டும் என்று காத்திருப்பாள். என் அனுபவத்தில் பதின்வயதுப் பெண்களுக்கு வந்த பெரிய ஆபத்துகளுக்குக் கருக்கலைப்பைவிடக் காத்திருத்தல்தான் அதிகம் காரணமாக இருந்திருக்கிறது.

ஜெயில் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எம்.சி. ரோட்டிலிருந்து மூலக்கடை வரை எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதும் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். அது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கப்படும் பலகை. பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். ஆனால் அம்மாவுடன் துணைக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதில் ‘கரு’, ‘குற்றம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் படித்துவிட்டு வீடு திரும்புகிறது. கருக்கலைப்பை மருத்துவ முறையில் அனுமதிக்கும் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. அதைச் சொல்ல எந்தச் சுவரிலும் பலகை இல்லை.

‘அபார்ஷன்’ என்ற சொல்லே நம் ஊரில் ஒரு குழப்பம். தானாகக் கரு கலைந்து அழுகிற பெண்ணையும் ‘அவளுக்கு அபார்ஷன் ஆகிவிட்டது’ என்கிறோம். மாத்திரை எடுத்தவளையும் ‘அபார்ஷன் செய்துகொண்டாள்’ என்கிறோம். நாங்கள் டாக்டர்களும் இரண்டையும் ஒரே சொல்லால்தான் கேஸ் ஷீட்டில் எழுதிவந்தோம். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி தன் அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம் அம்மாவுடன் பேசாமல் இருந்ததாக அந்த அம்மாவே என்னிடம் சொல்லி அழுதார். அவருக்கு நேர்ந்தது நான்காம் மாதத்தில் தானாக நிகழ்ந்த கருச்சிதைவு. உங்கள் டியூஷனில் என்றைக்காவது பேசத் தொடங்கினால் முதலில் இந்த இரண்டு சொற்களைப் பிரித்துக் கொடுங்கள். தானாக நிகழ்வது கருச்சிதைவு, மருத்துவர் செய்வது கருக்கலைப்பு. இது ஒன்று புரிந்தாலே பேச்சின் சூடு பாதி தணியும். இருபத்திரண்டு பிள்ளைகளில் எத்தனை பேருடைய அம்மாக்களுக்குக் கருச்சிதைவு ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி நாள் கணக்கு. எல்லாமே இதில்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கருவின் வயதை உறவு நடந்த நாளிலிருந்து நாங்கள் எண்ணுவதில்லை. கடைசியாக வந்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். நம் பக்கத்து மருத்துவமனைகளில் இதை எப்படிக் கேட்போம் என்று உங்களுக்குத் தெரியும்: “கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?” ஒருமுறை பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வயிற்றுவலி என்று வந்தாள். இப்படித்தான் கேட்டேன். “இன்றைக்குக் காலையில்தான் டாக்டர், ஷாம்பு போட்டு” என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் பாட்டிமார்கள் வெட்கத்துக்காகப் போட்டுவைத்த மூடி அந்தச் சொல். இந்தத் தலைமுறைக்கு அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அன்றிலிருந்து ‘பீரியட்ஸ் எப்போது வந்தது?’ என்று நேராகக் கேட்கத் தொடங்கினேன். அவளுக்கு அன்று பதினேழு வாரம் ஆகியிருந்தது.

ஜூன் 1 அன்று மாதவிலக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஜூன் கடைசியில் வர வேண்டும், வரவில்லை. ‘ஒரு வாரம்தானே தள்ளியிருக்கிறது’ என்று ஜூலை 6 அன்று அவள் நினைக்கிறாள். எங்கள் கணக்கில் அன்று ஐந்து வாரம் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 3 அன்று ஒன்பது வாரம். மாத்திரை மூலம் கலைப்பதற்கு நம் நாட்டில் அதுதான் எல்லை. அக்டோபர் 19 அன்று இருபது வாரம். அதுவரை ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் போதும். நவம்பர் 16 அன்று இருபத்து நான்கு வாரம். இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் இடையில் இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் சில பிரிவினருக்குத்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் அந்தப் பிரிவுகளில் அடங்குவார்கள். 2021-இல் வந்த திருத்தம் இது. அதற்குப் பிறகு, கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். மற்றவர்கள் பொதுவாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பதின்வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மாதம் வராமல் இருப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். அதனால்தான் அவர்கள் தாமதமாக வருகிறார்கள். சந்தேகம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனை செய்து சொல்வார்கள். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத் தள்ளிப்போட்டு ஐந்து வாரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பத்தாம் வகுப்புப் பையன் சொன்ன ஆறு வாரம் பொய்யில்லை. ஆனால் அது நம் ஊர்க் கதையும் இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமை தந்த பழைய தீர்ப்பு ஒன்றைப் புரட்டிப்போட்டதிலிருந்து அந்த வீடியோக்கள் கொட்டுகின்றன. கொருக்குப்பேட்டைப் பையனுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டம் தெரிந்திருக்கிறது, பக்கத்திலிருக்கும் ராயபுரம் ஆஸ்பத்திரி தெரியவில்லை.

மலடு ஆகிவிடுவார்கள் என்ற பேச்சு வெறும் கற்பனையில் பிறந்ததில்லை. கருவைக் கலைக்க எருக்கங்குச்சியைப் பயன்படுத்திய காலத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்தில் குச்சியாலும் கைவைத்தியத்தாலும் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, குழாய்கள் அடைபட்டு, பிறகு குழந்தையே இல்லாமல் போனவர்கள் உண்டு. உயிரே போனவர்களும் உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் பாட்டிமார்கள் சொன்னார்கள். தகுதியுள்ள மருத்துவர் சுத்தமான இடத்தில், உரிய வாரத்தில் செய்தால் பிற்காலத்தில் குழந்தை பெறுவதற்கு அது தடையில்லை. இந்தப் பேச்சால் வேறொரு ஆபத்தும் உண்டு. ‘இனி கருவே தங்காது’ என்று நம்பிக் கவனக்குறைவாக இருந்து நான்கே மாதத்தில் மறுபடி வந்தவர்கள் இருக்கிறார்கள். கலைப்புக்குப் பிறகு பத்து, பதினைந்து நாளிலேயே முட்டை வெளிவரக்கூடும்.

பப்பாளிக்கு நீளமாக எழுதப்போவதில்லை. பப்பாளி தின்று கரு கலைந்த ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. எள்ளும் வெல்லமும் அன்னாசியும் தின்றுகொண்டே பதினான்கு வாரம் வரை வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழத்தைவிட எனக்குக் கவலை மாத்திரைதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத கருக்கலைப்பு மாத்திரை ‘கிட்’டை யாரோ ஒரு பையன் எங்கிருந்தோ வாங்கிக் கொடுக்கிறான். மாத்திரையில் தவறில்லை. நல்ல மாத்திரை அது, உலகம் முழுவதும் பயன்படுகிறது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விழுங்குவதுதான் தவறு. கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா என்று தெரிய வேண்டும். குழாயில் இருந்தால் மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். எத்தனை வாரம் என்று தெரிய வேண்டும். ரத்தசோகை எவ்வளவு என்று தெரிய வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. காலையில் டீயும் பன்னும், மதியம் எதுவோ என்று ஓடும் நம் பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ஆய்வறிக்கையே தேவையில்லை. இருக்கிற ரத்தமே குறைவு, அதில் வேறு கொட்டினால் என்ன ஆகும்?

பல வருடங்களுக்கு முன்பு ஒரு ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு பெண், வயது பத்தொன்பது. கடையில் வாங்கிய மாத்திரை. கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறக்கும்வரை அவளுடைய அண்ணி தன் முந்தானையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாராம். பிழைத்துக்கொண்டாள். ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றினோம். ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் வீட்டுக்காரர் கையெழுத்துக் கேட்பார்கள், எனக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே’ என்று பயந்து கடைக்குப் போனாளாம். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டும் போதும். கணவனும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். சட்டத்தில் முதலிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் கையெழுத்துக் கேட்டு விரட்டத்தான் செய்தார்கள், அதை நான் மறைக்கப்போவதில்லை. திருமணம் ஆனவர், ஆகாதவர் என்று வேறுபாடு பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பே கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத யாரிடமும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் மாடியில் ஜெயில் என்று சொன்ன பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

மாத்திரை விழுங்கிவிட்டவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால், காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் அடித்தால், மயக்கம் வந்தால், ஒரு பக்க அடிவயிறோ தோள்பட்டையோ வலித்தால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். என்ன மாத்திரை, எப்போது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நீதிபதி வேலை பார்க்க எங்களுக்கு அங்கே நேரம் இருக்காது.

அவசரக் கருத்தடை மாத்திரையையும் பிள்ளைகள் இதோடு குழப்புவார்கள். அது கலைக்கும் மாத்திரை இல்லை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எடுத்தால் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். கரு தங்கிவிட்ட பிறகு அதற்கு வேலையில்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘பதினெட்டு நடக்கிறது’ என்றாள் அல்லவா? நம் வீடுகளில் பதினேழு முடிந்த அன்றே பதினெட்டு நடக்கத் தொடங்கிவிடுகிறது. சட்டம் அப்படி எண்ணாது. பிறந்த தேதிப்படி பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் போலீஸுக்கு இதில் வேலை இல்லை, அவளாக விரும்பிய உறவாக இருந்தால். முடியவில்லை என்றால் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன.

ஒன்று, பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். பாதுகாவலர் என்றால் அப்பா, அம்மா மட்டும்தான் என்று சட்டம் சொல்லவில்லை. அவளைப் பராமரிப்பவர் என்கிறது. அப்பா குடிகாரராகவும் அம்மா இல்லாமலும் இருந்தால், வளர்க்கும் ஆயாவோ சித்தியோ கையெழுத்துப் போடலாம்.

இன்னொன்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டம். பதினெட்டு நிரம்பாதவருடன் உடலுறவு என்றால், அவளே விரும்பியதாக இருந்தாலும், அது குற்றம். மருத்துவர் காவல் துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இதற்குப் பயந்துதான் பெண்கள் கடை மாத்திரைக்கும் தெருமுனை ‘டாக்டர்’களுக்கும் போகிறார்கள். அதே 2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை. எல்லா மருத்துவமனையிலும் இதைத் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்க வேண்டும். ஆகவே, அவளுக்கு நீங்கள் சொல்லும் பதில் இதுதான்: தகவல் போகும், ஆனால் உன் பெயரை மறைத்துக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், குற்றவாளி நீ இல்லை, சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

தகவல் கொடுக்கும் கடமை டாக்டருக்கு மட்டுமில்லை மிஸ். குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், உங்களுக்கும்தான். அதனால்தான் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள் என்றேன். ‘தேவையில்லாத யாரிடமும் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது வந்தால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு இல்லை. அவளைத் தொட்டது வீட்டு மனிதராகவோ பெரிய ஆளாகவோ மிரட்டியவனாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அந்த எண்ணைத்தான் அழுத்த வேண்டும். அப்படிப்பட்ட விஷயத்தில் தெருப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது என்ற பேச்சே வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். அவளைக் கேட்காமல் சொல்லாதீர்கள். வீட்டில் யாரிடம் சொன்னால் உன்னை அடிக்கமாட்டார்கள் என்று அவளிடமே கேளுங்கள். பெரும்பாலும் அத்தை, பெரியம்மா, ஆயா என்று ஒரு பெயர் வரும். முதலில் அவரிடம் போங்கள். என் அனுபவத்தில் முதல் பத்து நிமிடம் தலையில் அடித்துக்கொள்ளும் அம்மாக்கள்தான் பதினோராவது நிமிடம் ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் தனியாக இருக்கக் கூடாது. ‘செத்துவிடுவேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதை வாய்ப்பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். மனநல உதவிக்கு 14416 இருக்கிறது.

சில வீடுகளில் உடனே தோன்றும் யோசனை ஒன்று உண்டு: ‘அவனுக்கே கட்டிவைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.’ முடியாது. பதினெட்டுக்குக் கீழே அது குழந்தைத் திருமணம். மனைவியே ஆனாலும் பதினெட்டு நிரம்பாதவளுடன் உறவு குற்றம்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாலி கட்டினால் ஒரு வழக்குக்கு இரண்டு வழக்காகும்.

அவள் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினால்? அதுவும் நடக்கும். வீட்டார் இழுத்துக்கொண்டு வந்து ‘எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல, பெண் வாயைத் திறக்காமல் நின்ற சம்பவங்கள் எனக்கு உண்டு. அப்போதெல்லாம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்பேன். பாதுகாவலரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் மாறுபட்டால், அவள் சொல்வதை முக்கியமாகக் கருத வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி கல்லூரியைச் சேர்ந்தது. தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்தால் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. கூட யாராவது ஒரு பெரியவர் போவது நல்லது. வரிசை நீளமாக இருக்கும், முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள், திரும்பி வந்துவிடக் கூடாது.

இனி ‘அவளுக்கு வேண்டியதுதான்’ என்று சொன்ன பெண்ணைப் பற்றி. அவள்மேல் கோபப்படாதீர்கள். வீட்டில் கேட்டதை அப்படியே சொல்கிறாள். கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, எங்கே போகிற குடும்பமாக இருந்தாலும் உயிர் என்பதைப் பற்றி அவரவர்க்கு ஒரு நம்பிக்கை இருக்கும். கருக்கலைப்பு தவறு என்று நினைக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. என் தோழிகளான டாக்டர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய நம்பிக்கையை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. தவறு என்று நினைப்பது வேறு, ஒருத்தி ரத்தம் கொட்டிச் சாகட்டும் என்பது வேறு. அந்த இரண்டையும் பிரித்துக்காட்டினால் பதினைந்து வயதுக்குப் புரியும். வயதில் பெரியவர்களுக்குத்தான் புரிய நாளாகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள், அவ்வளவு பேச்சு, அதில் ஒரு வரியில்கூட அந்தக் கருவுக்குக் காரணமான பையன் வரவில்லை. யார், என்ன படிக்கிறான், அவனுக்கு என்ன ஆக வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடியில் இருக்கும் ஆண் பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டியது இது. ‘அவளும் விரும்பினாள்’ என்பது பதினெட்டுக்குக் கீழே நீதிமன்றத்தில் செல்லாது என்று எத்தனை பையன்களுக்குத் தெரியும்? அவனுக்கு வயது பதினெட்டு நிரம்பியிருந்தால் சிறை, நிரம்பாவிட்டால் சிறார் நீதிக் குழுமம். காதலித்த பையனையும் கயவனையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பது சரிதானா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் இன்றைய சட்டம் அதுதான், அதை அவர்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆணுறை என்ற சொல்லையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். முதல் முறை சொல்லும்போது குரல் கம்மும், இரண்டாவது முறை சரியாகிவிடும்.

பேசினால் தூண்டிவிடுவது ஆகாதா என்பது உங்கள் கேள்வி. ஆகாது. பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தள்ளுவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்டிருக்கிறது. தொடங்குவதற்கு ஒரு சாக்கு வேண்டுமென்றால் பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தைத் திறங்கள். இனப்பெருக்க நலன் என்று ஒரு பாடமே இருக்கிறது. வகுப்பில் ‘இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிவிடுவார்கள். உயிரியல் எடுத்தவர்களுக்காவது அது கிடைக்கிறது, வணிகவியல் எடுத்த பிள்ளைக்கு அதுவும் இல்லை. மாடியில் ஒரு பழைய ஷூ பெட்டியை வைத்து மூடியில் கீறிவிடுங்கள். பெயர் எழுதாமல் கேள்வியை உள்ளே போடட்டும். பதில் தெரியாதவற்றை எனக்கு அனுப்புங்கள். ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று நீங்கள் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நீங்கள் ‘தெரியாது’ என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

தோழிக்காகக் கேட்கிறேன் என்றாள் என்பதை நோண்டாதீர்கள். தோழியாகவே இருக்கட்டும். ‘உன் தோழிக்குக் கடைசியாகப் பீரியட்ஸ் வந்த தேதி என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். தலைக்குக் குளித்தது என்று கேட்டுவிடாதீர்கள்.

என் மின்னஞ்சலுக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இதை எழுதும்போது பதினோரு நாள் ஆகிறது. அவள் சொல்லும் தேதியிலிருந்து வாரங்களை எண்ணும்போது அந்தப் பதினோரு நாளையும் விட்டுவிடாமல் எண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.